ஓடம் வண்டியில் ஏறும்போது

“ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்” என்பது நம் நாட்டுப் பழமொழி. வாழ்வின் ஏற்றத் தாழ்வைச் சொல்ல வந்த மொழி இது. ஆயினும் சொல்லுக்குச் சொல் அது உண்மையான நாட்களும் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளக்காடானபோதும், 2018 ஆகஸ்டில் கேரளம் நீரில் மூழ்கியபோதும் மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி வந்து மக்களைக் காத்தனர்.

நமக்கு இது எப்போதோ நேரும் நிகழ்ச்சி. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளிலோ ஓடம் வாரந்தோறும் வண்டி ஏறுகிறது. அங்கே பலர் சிறு படகை வீட்டிலேயே நிறுத்தி வைத்து, விடுமுறை நாளில் டிரெய்லரோடு காரின் பின்னே பூட்டி, ஏரிக்கோ கடலுக்கோ இழுத்துச் செல்கின்றனர். படகும் டிரெய்லரும் சரியாகப் பொருந்தாவிட்டால் படகின் அடிப்பாகம் வளையும். நெடுஞ்சாலையில் டிரெய்லர் தறிகெட்டு ஆடிக் காரையே கவிழ்த்துவிடவும் கூடும். உயிரோடு தொடர்புடைய இச்செய்தியில் அடங்கியிருப்பது நாம் வகுப்பறையில் படிக்கும் திருப்புத்திறனே. அதனைச் சற்றுக் காண்போம்.

படகுக்கு ஏற்ற படுக்கை

நீரில் மிதக்கும் படகை நீரானது அடிப்பாகம் முழுவதும் பரவித் தாங்குகிறது. டிரெய்லரில் ஏறியவுடன் அதே எடை சில இடங்களில் மட்டும் விழுகிறது. பரப்பு குறைந்தால் அழுத்தம் கூடும் என்பதை நாம் அறிவோம். எனவேதான் டிரெய்லரில் நீளவாக்கில் தாங்கு கட்டைகளைப் பொருத்தி, அவற்றின்மேல் கம்பளம் சுற்றுகின்றனர். படகின் முதுகெலும்பாகிய ஏராக்கட்டையைத் தாங்க, நடுவே ரப்பர் உருளைகளும் உண்டு.

ஃபைபர் படகின் அடித்தளம் மெல்லியது. அதற்கு வலுவூட்ட உட்புறத்தில் நீளச் சட்டங்கள் உள்ளன. தாங்கு கட்டைகள் அச்சட்டங்களுக்கு நேர் கீழே, படகின் அடிச்சரிவுக்கு இசைந்த சாய்வில் அமைய வேண்டும். கட்டையின் ஓரம் மட்டும் படகைத் தொட்டால், எடை முழுவதும் அவ்வோரத்தில் விழுந்து அடித்தளத்தை அமுக்கிவிடும்.

மோட்டார் தொங்குவது படகின் பின்பலகையில். ஆகவே தாங்கு கட்டைகள் பின்பலகை வரை நீண்டிருத்தல் இன்றியமையாதது. ஒரு சாண் முன்னதாகவே அவை நின்றுவிட்டால், மோட்டாரின் எடை ஆதாரமின்றித் தொங்கும். மாதக்கணக்கில் அப்படியே நின்ற படகின் அடித்தளம் கட்டையின் முனையில் வளைந்துவிடும். அத்தகைய படகு நீரில் விரையும்போது முன்பகுதியாகிய அணியத்தைத் தாழ்த்திக்கொண்டே ஓடும்.

முன்பாரமும் பின்பாரமும்

என் பாட்டனார் பார வண்டி ஓட்டியவர். பள்ளி வாசலை மிதித்தறியாதவர். வைக்கோல் ஏற்றும்போது, “பின்பாரம் ஆவாதுடா தம்பி, மாட்டுக்குத் தொண்டையைப் பிடிக்கும்” என்பார். பாரம் அச்சுக்குப் பின்னே மிகுந்தால் நுகத்தடி மேலெழும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்னே மிகுந்தாலோ நுகத்தடி கழுத்தை அழுத்தும். அச்சுக்குச் சற்று முன்னே பாரம் நிற்பதே நலம் என்பது அவர் கண்ட உண்மை.

ஓர் அச்சு டிரெய்லரும் அம்மாட்டு வண்டியைப் போன்றதே. மாடு இருந்த இடத்தில் கார் நிற்கிறது. டிரெய்லரின் முன்தண்டு காரின் கொக்கியை அழுத்தும் எடை, படகும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் படகு டிரெய்லர்களுக்குச் சொல்லப்படும் பொது அளவு. அது காரின் கொக்கி தாங்கும் அளவையும் மீறலாகாது.

பாரம் பின்னே போனால் ஏன் ஆபத்து? நுனி கனத்த அம்பு நேரே பாயும். வால் கனத்த அம்பு திரும்பப் பார்க்கும். காற்றாலோ பள்ளத்தாலோ டிரெய்லர் சற்றே விலகினாலும் வால் கனம் அதனை மேலும் விலக்கும். வேகம் கூடினால் அவ்வூசலாட்டம் ஒவ்வொரு வீச்சிலும் வளரும். மாறாக, முன்பாரம் அளவு மீறினால் காரின் பின்புறம் தாழ்ந்து, முன் சக்கரங்களின் பிடிப்பும் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். மொத்த எடை 1000 கிலோ. கொக்கியிலிருந்து அச்சு 4 மீட்டர் தொலைவில் உள்ளது. ஈர்ப்பு மையம் அச்சுக்கு 10 சென்டிமீட்டர் முன்னே உள்ளது எனக் கொள்வோம். அச்சைச் சுற்றித் திருப்புத்திறன்களைச் சமன் செய்தால், கொக்கியில் விழும் எடை 1000 × 0.1 ÷ 4, அதாவது 25 கிலோ. இது 2.5 சதவீதமே, போதாது. இப்போது அச்சை 20 சென்டிமீட்டர் பின்னே தள்ளுவோம். கொக்கியில் விழும் எடை 1000 × 0.3 ÷ 4.2, அதாவது ஏறத்தாழ 71 கிலோ. இது 7 சதவீதம், பாதுகாப்பான அளவு.

படகை முன்னும் பின்னும் நகர்த்தியும் இவ்வளவை மாற்றலாம். ஆனால் முன்பாரத்தைக் குறைக்கப் படகைப் பின்னே தள்ளினால், பின்பலகை கட்டைகளைத் தாண்டித் தொங்கிவிடும். ஆகவே முதலில் படகு நன்கு படுக்கும் இடத்தை நிலைநிறுத்த வேண்டும். பின்னரே அச்சை அதற்கேற்ப நகர்த்த வேண்டும். பல டிரெய்லர்களில் அச்சைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி இதைச் செய்ய இயலும். நகர்த்திய பின் கொக்கியிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து பார்த்தல் வேண்டும். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் வண்டி கோணலாக ஓடி டயரைத் தேய்க்கும்.

அளப்பது எப்படி?

பாட்டனார் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்தே பாரம் அறிவார். டிரெய்லருக்கு அக்கை போதாது. ஆள் எடை பார்க்கும் சிறு எடைக் கருவியும் ஒரு பலகையும் இருந்தால் போதும். பலகையின் ஒரு முனையைச் செங்கல் மீதும், மறுமுனையை எடைக் கருவி மீதும் வைக்க வேண்டும். செங்கல்லிலிருந்து கருவி 3 அடி என்றால், முன்தண்டை 1 அடியில் இறக்க வேண்டும். பலகைக்கு மட்டும் கருவி காட்டிய எடையைக் கழித்து, மீதியை மூன்றால் பெருக்கினால் விடை கிடைக்கும். இதுவும் நெம்புகோல் தத்துவமே!

சமதரையில், பயணத்தில் உள்ளபடியே அளப்பது முக்கியம். மோட்டார், பாட்டரி, நங்கூரம் எல்லாம் இருக்க வேண்டும். பெட்ரோல் 100 லிட்டர் என்றால் அதுவே ஏறக்குறைய 75 கிலோ. மொத்த எடை டிரெய்லரின் தகட்டில் பொறித்துள்ள உச்ச அளவுக்குள் இருக்கிறதா என்றும் காண வேண்டும்.

கட்டும் முறை

அணியத்தை இழுத்துப் பிடிக்கும் வின்ச் வார் ஒன்றையே நம்பலாகாது. அணியத்துக்குத் தனிச் சங்கிலியும், பின்பலகையின் இருபுறமும் இரு வார்களும் வேண்டும். டிரெய்லரையும் காரையும் இணைக்கும் பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டும் முன்தண்டுக்கு அடியில் குறுக்காகச் செல்ல வேண்டும். கொக்கி கழன்றாலும் முன்தண்டு தரையில் குத்தாமல் அச்சங்கிலிகள் மீதே விழும்.

இன்னொன்று: நீண்ட ஓட்டத்தில் சக்கரக் குடம் சூடேறும். அதை உடனே நீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை உள்ளே இழுக்கும், பேரிங் துருப்பிடிக்கும். ஆறவிட்டு இறக்குவதே அறிவுடைமை.

நண்பர்களே! இக்கணக்கைப் பாட்டனாரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், “நான் சொன்னதைத்தானே உன் புத்தகமும் சொல்லுது?” என்றார். உண்மைதான். பாரம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். எத்தனை கிலோ, எத்தனை சென்டிமீட்டர் என்பதை மட்டும் இக்கல்லூரி எனக்குக் கற்றுத் தந்தது. நெடுஞ்சாலை வேகத்தில் ஓடும் வண்டிக்கு அந்த எண்ணும் வேண்டும்.