கப்பா லீக்

கப்பா லீக் என்பது ஐக்கிய அமெரிக்காவில் பள்ளியில் பயிலும் ஆண் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் படிப்பை இடையில் கைவிடவோ குற்றச் சூழலில் சிக்கவோ கூடிய நிலையிலுள்ள கறுப்பினச் சிறுவர்களுக்கு, வழிகாட்டும் ஒரு சமூகத் திட்டம் ஆகும். இதன் முழுப்பெயர் கப்பா தலைமைத்துவ மேம்பாட்டு லீக் என்பதாகும். கப்பா ஆல்ஃபா சை என்னும் சகோதரத்துவ அமைப்பு இதனை நடத்துகின்றது. 1969 பெப்ரவரி 12 அன்று கலிபோர்னியா மாநிலத்தின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இது தொடங்கப்பட்டது.

சகோதரத்துவ அமைப்பு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆண் மாணவர்கள் கூடி அமைக்கும், கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட கழகங்கள் ஃப்ரட்டர்னிட்டி எனப்படும். தமிழில் இவற்றைச் சகோதரத்துவ அமைப்புகள் எனலாம். இவற்றை வெறும் மாணவர் மன்றங்களாகக் கொள்வது பொருந்தாது. கறுப்பினத்தவரின் அமைப்புகளில் உறுப்புரிமை பட்டம் பெறுவதோடு முடிவதில்லை. பட்டதாரிகள் தாம் வாழும் ஊர்களில் கிளைகள் அமைத்து வாழ்நாள் முழுவதும் செயற்படுவர். ஒரு சிறுவனுக்கு இருபது வயதுக் கல்லூரி மாணவனும் ஐம்பது வயது வழக்கறிஞரும் ஒரே அமைப்பிலிருந்து வழிகாட்டிகளாகக் கிடைப்பது இதனாலேயே ஆகும்.

கப்பா ஆல்ஃபா சை 1911 சனவரி 5 அன்று இந்தியானா பல்கலைக்கழகத்தில் பத்து மாணவர்களால் நிறுவப்பட்டது. அவர்களுள் எல்டர் வாட்சன் டிக்ஸ், பைரன் கென்னத் ஆம்ஸ்ட்ராங் ஆகிய இருவரும் முன்னர் வாசிங்டனிலுள்ள ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். இந்தியானாவில் அன்று கறுப்பின மாணவர்கள் மிகச் சிலரே இருந்தனர். பல்கலைக்கழக விடுதிகளில் அவர்களுக்கு இடமில்லை. ஓட்டப் பந்தயம் போன்ற தடகளப் போட்டிகள் தவிர்ந்த பெரும்பாலான விளையாட்டுகளிலும் சேர்க்கப்படவில்லை. துணையின்றித் தவித்த மாணவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கவே இவ்வமைப்பு தோன்றியது. முதலில் இதன் பெயர் கப்பா ஆல்ஃபா நு என்பதாகும். அப்பெயர் இனவெறி வசைச் சொல்லாகத் திரித்து ஏளனம் செய்யப்பட்டதால், 1915 இல் தற்போதைய பெயருக்கு மாற்றப்பட்டது.

'கைட் ரைட்' திட்டம்

கப்பா லீக்கின் வேர் இதற்கும் முந்தியது. 1922 இல் செயிண்ட் லூயிஸ் நகரப் பட்டதாரிக் கிளையைச் சார்ந்த ஜே. ஜெரோம் பீட்டர்ஸ், லியோன் ஸ்டூவர்ட் ஆகியோரின் முயற்சியால் 'கைட் ரைட்' என்னும் திட்டம் உருவாகி, அமைப்பின் தேசியப் பணித் திட்டமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. நேரிய வழி காட்டு என இப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். பள்ளி முடிக்கும் மாணவர்களுக்குத் தொழில் தேர்வில் ஆலோசனை வழங்குவது இதன் தொடக்ககால நோக்கம் ஆகும். மருத்துவரையோ பொறியாளரையோ தன் இனத்தில் கண்டிராத மாணவன், அத்தொழில் தனக்குரியதென எண்ணுவதே அரிது. எனவே அத்தொழில்களில் உள்ளோரை மாணவர் முன் கொண்டுவந்து நிறுத்துவதே அன்று பெரும்பணியாக இருந்தது.

தோற்றம்

1965 ஆகஸ்ட் 11 முதல் 16 வரை லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் பெருங்கலவரம் நிகழ்ந்தது. ஒரு வாகனச் சோதனையின்போது காவலர்களுக்கும் கறுப்பின இளைஞர் ஒருவருக்கும் இடையே ஏற்பட்ட தகராறில் தொடங்கிய இதில் 34 பேர் இறந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். கலவரத்தை ஆராய்ந்த, ஜான் மெக்கோன் தலைமையிலான ஆணையம் வேலையின்மையையும் தரமற்ற பள்ளிகளையும் அடிப்படைக் காரணங்களுள் சேர்த்தது.

இதன் பின்னர் 1967 இல் தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் அலைன் லிராய் லாக் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. 1907 இல் ரோட்ஸ் புலமைப்பரிசில் பெற்ற முதல் ஆபிரிக்க அமெரிக்கரான மெய்யியலாளரின் பெயர் இப்பள்ளிக்குச் சூட்டப்பட்டது. (இவர் ஃபை பீட்டா சிக்மா என்னும் வேறொரு சகோதரத்துவ அமைப்பைச் சார்ந்தவர் என்பது சுவையான செய்தி.) இப்பள்ளி மாணவர்களுக்காகவே கப்பா ஆல்ஃபா சையின் லாஸ் ஏஞ்சலஸ் பட்டதாரிக் கிளை, மெல் டேவிஸ் என்பவரின் திட்டப்படி கப்பா லீக்கைத் தொடங்கியது. பின்னர் இது நாடு முழுவதுமுள்ள கிளைகளுக்குப் பரவியது.

செயற்பாடு

திட்டம் ஐந்து கூறுகளைக் கொண்டது. அவை தன்னடையாளம், பயிற்சி, போட்டி, சமூகப் பழக்கம், உடல்நலக் கல்வி என்பனவாகும். ஒவ்வொரு கூறும் எவ்வாறு நடைபெறும் என்பது கிளைக்குக் கிளை மாறுபடும். மேடைப் பேச்சு, நேர்முகத் தேர்வுக்குத் தயாராதல், கழுத்துப்பட்டி கட்டுதல், பணத்தைக் கையாளுதல், கல்லூரி வளாகங்களுக்குச் செல்லுதல், நிதியுதவி விண்ணப்பம் நிரப்புதல் என்பன பொதுவாகக் காணப்படுபவை. கழுத்துப்பட்டி கட்டுவது அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் தந்தையோ அண்ணனோ வீட்டில் இல்லாத சிறுவனுக்கு அதனைக் கற்றுக்கொடுக்க எவரும் இருப்பதில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

'இடர்நிலைச் சிறுவர்' என்னும் சொல்

இத்தகைய சிறுவர்களை 'இடர்நிலையில் உள்ளோர்' என அழைக்கும் வழக்கம் 1980களில் அமெரிக்கக் கல்வித்துறையில் பரவியது. சிறுவனிடமே குறை உள்ளதாக இச்சொல் காட்டுகின்றது என்ற எதிர்ப்பு உண்டு. கலிபோர்னியா மாநிலம் 2019 இல் இயற்றிய சட்டத்தின் மூலம் தன் கல்விச் சட்டத்திலும் தண்டனைச் சட்டத்திலும் இச்சொல்லை நீக்கி, 'நம்பிக்கைக்குரிய நிலையில் உள்ளோர்' எனப் பொருள்படும் சொல்லைச் சேர்த்தது. சிறுவரின் நிலை சொல்லால் மாறிவிடாது எனினும், கோப்பில் எழுதப்படும் சொல் ஆசிரியரின் பார்வையை மாற்றக்கூடும் என்பது மாற்றத்தை ஆதரித்தோரின் வாதம் ஆகும்.

வழிகாட்டல் பயன் தருமா?

பின்வரும் ஆய்வுகள் கப்பா லீக் பற்றியவை அல்ல. ஆயினும் இத்தகைய திட்டங்கள் அனைத்துக்கும் பொருந்தும் கேள்வியை எழுப்புகின்றன.

மருத்துவர் ரிச்சர்ட் கேபட் வகுத்த கேம்பிரிட்ஜ்-சாமர்வில் ஆய்வு 1939 இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கியது. 506 சிறுவர்கள் இணை இணையாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு இணையிலும் நாணயம் சுண்டித் தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கு ஓர் ஆலோசகர், சராசரியாக ஐந்தரை ஆண்டுகள், மாதம் இருமுறை வீடு தேடிச் சென்று உதவினார். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அவர்களைத் தேடிக் கண்ட ஜோன் மெக்கார்டு 1978 இல் வெளியிட்ட முடிவு பலரையும் அதிரவைத்தது. உதவி பெற்றோரில் மூன்றில் இரு பங்கினர் அது தமக்கு நன்மை செய்ததாகக் கூறினர். ஆனால் மீண்டும் குற்றம் புரிதல், மதுப்பழக்கம், மனநோய், இளவயது மரணம் ஆகியவற்றில் உதவி பெறாதோரைவிட அவர்களே மோசமான நிலையில் இருந்தனர். நன்றியுணர்வைப் பயனின் அளவாகக் கொள்ள இயலாது என்பதை இவ்வாய்வு போல் வேறெதுவும் காட்டியதில்லை எனலாம்.

இதற்கு மாறாக, 1904 இல் நியூயார்க்கில் வேர்கொண்ட 'பிக் பிரதர்ஸ்' இயக்கம் பற்றி 1995 இல் வெளியான ஆய்வு, 10 முதல் 16 வயதுடைய 959 பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. வழிகாட்டி பெற்றோர் போதைப்பொருள் பழக்கத்தைத் தொடங்கும் வாய்ப்பு, காத்திருப்போர் பட்டியலில் இருந்தோரைவிட 46 விழுக்காடு குறைவாக இருந்தது. அதே தரவுகளை மீள ஆராய்ந்த ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் ஆகியோர் 2002 இல், ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளே மிகுந்த பயன் தந்ததாகவும், மூன்று மாதங்களுக்குள் முறிந்த உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு குறைந்ததாகவும் கண்டனர். ஏற்கனவே ஒருவரால் கைவிடப்பட்ட சிறுவனை இரண்டாம் முறை கைவிடுவது, அணுகாமலே இருப்பதைவிடத் தீங்கானது. ஊரில் நிலைத்து வாழும் பட்டதாரிக் கிளைகள், படிப்பு முடிந்ததும் இடம்பெயரும் மாணவத் தொண்டர்களைவிட இவ்வகையில் பொருத்தமானவை.

விமர்சனம்

சகோதரத்துவ அமைப்புகள் புதிய உறுப்பினரைச் சேர்க்கையில் நிகழும் வன்கொடுமைகள் நெடுங்காலமாகக் கண்டிக்கப்பட்டு வருகின்றன. 1994 இல் மிசூரி மாநிலத்தில் கப்பா ஆல்ஃபா சையில் சேர முயன்ற மாணவர் ஒருவர் அடித்துத் துன்புறுத்தப்பட்டு இறந்தார். சிறுவருக்கு ஒழுக்கம் கற்பிக்கும் அமைப்பில் இவ்வாறு நிகழ்ந்தமை, வழிகாட்டிகளைத் தெரிவு செய்வது குறித்தும் கேள்விகளை எழுப்பியது. சிறுவர்களின் உடையையும் நடத்தையையும் திருத்துவதில் காட்டும் அக்கறையைப் பள்ளிகளின் நிலை, வேலைவாய்ப்பு, காவல்துறையின் போக்கு ஆகியவற்றில் காட்டுவதில்லை என்பது மற்றொரு விமர்சனம் ஆகும்.

ஒத்த திட்டங்கள்

1906 இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா, உயர்நிலைப் பள்ளியை முடித்துக் கல்லூரிக்குச் செல்லுமாறு ஊக்குவிக்கும் திட்டத்தை 1920களில் இருந்து நடத்தி வருகின்றது. மார்ட்டின் லூதர் கிங் இவ்வமைப்பின் உறுப்பினர் ஆவார். ஃபை பீட்டா சிக்மாவுக்குச் 'சிக்மா பீட்டா கிளப்' என்னும் சிறுவர் மன்றம் உண்டு. 2014 பெப்ரவரியில் அன்றைய குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா தொடங்கிய 'என் சகோதரனின் காவலன்' முயற்சியும் இதே வயதுச் சிறுவர்களையும் இளைஞர்களையும் கருத்திற்கொண்டதாகும்.