குறுக்கு வலியும் கை வைத்தியமும்

சங்கரன்கோவிலில் குழித்தறி ஓடிய காலத்தில் வலி குறுக்கைப் பிடித்தது. காலைக் குழிக்குள் விட்டு, பாவின் மேல் குனிந்து, பொழுதுக்கும் மிதித்தபடி நெய்தால் வேறென்ன ஆகும்? விசைத்தறி வந்ததும் நெசவாளி எழுந்து நின்றார். வலி முழங்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் இறங்கியது. ஷிப்ட் முழுக்க சிமென்ட் தரையில் நிற்கவேண்டும், அறுந்த இழையை முடியத் தறிக்குத் தறி ஓடவேண்டும்.

அன்று சுளுக்கு வழிக்கிறவரைத் தேடிப் போனார்கள், இல்லையென்றால் தெற்கே வர்ம ஆசானை. கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணும் கூடவே உண்டு. வைத்தியர் பேசுவதற்கு முன்னால் கையை வைப்பார். முதுகெலும்பின் ஓரமாக விரல் இறங்கிவரும். ஆள் எங்கே மூச்சைப் பிடிக்கிறாரோ அங்கே நிற்கும். அப்புறம் நொச்சித்தழை ஒத்தடம், சூடான எண்ணெய், தொக்கணம் என்கிற பிடித்துவிடுதல். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொக்கணத்தில் ஒன்பது வகை. 1874-இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய ஆஸ்டியோபதியும் தொட்டுப் பார்த்து வைத்தியம் செய்கிற வழிதான். அங்கே அது சீக்கிரமே கல்லூரி ஏறியது. இங்கே கை வைத்தியம் வெகுகாலம் தகப்பனிடமிருந்து மகனுக்கோ, ஆசானிடமிருந்து சீடனுக்கோ போனது. இன்று சித்த மருத்துவப் படிப்பில் வர்மமும் தொக்கணமும் பாடம். பக்கத்திலேயே பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கை வைத்தியத்தை அப்படியே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் முடியாது. முதுகெலும்பில் காசநோய் இருந்தால் விரலை நம்பியிருக்க முடியாது. அந்த முதுகை முறுக்கினால் கால் விளங்காமலே போகலாம். அங்கே எக்ஸ்ரேதான் வேண்டும்.

ஆனால் இன்று எல்லாமே படத்திலிருந்து தொடங்குகிறது. திருநெல்வேலியில் ஸ்கேன், கையில் பெரிய கவர், "டிஸ்க் விலகியிருக்கு" என்ற ஒரு வரி. வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்கள் பலருக்கும் டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. பிறகு இடுப்பு பெல்ட். மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக். மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம்பார்த்துவிடும்.

நாள்பட்ட குறுக்கு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வழக்கமாகத் தரவேண்டாம் என்கிறது. உடற்பயிற்சி, முதுகெலும்பைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சை, மசாஜ் ஆகியவற்றைத் தரலாம் என்கிறது. தமிழ்நாட்டில் 2021-இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. தறிக்கூடத்துக்காரருக்கு அதிலும் ஒரு சிக்கல். நெய்த அளவுக்குத்தான் கூலி. காலை மடக்கி நீட்டும் நேரத்துக்குத் தறி நின்றால் அன்றைய கூலியில் இடிக்கும்.