மீண்டும் தனிக் குவளையா?

“ஏலே, அவருக்கு அந்தத் தம்ளர்ல குடு!”

ஆதிச்சநல்லூரில், சாலையோரத் தேநீர்க் கடையில் நம் செவியில் விழுந்த சொற்கள் இவை, தோழர்களே! கண்ணாடிக் குவளைகள் வரிசையாக மேசைமீது. நெளிந்த அலுமினியக் குவளை ஒன்று மட்டும் மூலையில், தனியே. அதில் குடித்தவர் தலை நிமிரவில்லை. அவர் போன பிறகு கேட்டோம். “அவருக்கு எய்ட்ஸ், அண்ணாச்சி. எச்சில் பட்டா ஒட்டிக்கிடும்லா!” என்றார் கடைக்காரர்.

இரட்டைக் குவளையை எதிர்த்து ஊர் ஊராக முழங்கியவர்கள் நாம். சாதியின் பெயரால் ஒதுக்கியவனைச் சாடிய நாம், நோயின் பெயரால் ஒதுக்குகிறவனிடம் வாயடைத்து நிற்பதா?

எச்சிலில் பரவுமாம்! பரவாது. தொட்டால்? பரவாது. உடன் உண்டால், ஒரே படகில் வலை இழுத்தால், ஒரே உப்பளத்தில் வியர்வை சிந்தினால்? பரவாது, பரவாது! கொசு பரப்பும் என்பாரும் உண்டு. கொசுவின் வயிற்றில் எச்.ஐ.வி. கிருமி பெருகுவதில்லை, செரித்தே போகிறது. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள இரத்தம், பிறருக்குக் குத்திய ஊசி, தாயிடமிருந்து பிள்ளைக்கு. பரவும் வழி இவைதாம். தாய்க்கு உரிய காலத்தில் மருந்து தந்தால், பிள்ளையைப் பெரும்பாலும் காத்துவிடலாம்.

“ஒழுக்கங்கெட்டவனுக்கு வரும் தண்டனை” என்று உபதேசிக்கும் உத்தமர்களைக் கேட்கிறோம்: 2018 டிசம்பரில் வெளிவந்ததே சாத்தூர்ச் செய்தி! ஏற்றிய இரத்தத்தால் கிருமி தொற்றிய அந்தக் கர்ப்பிணி செய்த ஒழுக்கக்கேடு என்ன?

1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற நிர்மலாவும் சென்னையில் இக்கிருமியை இந்நாட்டிலேயே முதன்முதலாகக் கண்டறிந்தபோது, மருந்து இல்லை. அன்று அஞ்சியதில் பொருள் இருந்தது. இன்றோ, அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் கூட்டு மருந்து இலவசம். நாள் தவறாமல் விழுங்கி வந்தால், சோதனைக்கும் அகப்படாத அளவுக்குக் கிருமி குறைகிறது. அந்நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவிலும் தொற்றுவதில்லை. கிருமியை அடியோடு அகற்றும் மருந்தல்ல அது. அடக்கி வைக்கும் மருந்து. ‘பூரண குணம்’ என்று சுவரொட்டி ஒட்டும் புரட்டனை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவன்தான், எய்ட்ஸ் என்னும் முற்றிய நிலையை நோக்கி நடக்கிறான்.

வேலையில், பள்ளியில், வீடு வாடகைக்குத் தருவதில் இவர்களை ஒதுக்கக் கூடாதென்று 2017-இல் சட்டமே வந்துவிட்டது.

இத்தனையும் கடைக்காரரிடம் சொன்னோம். நம்பினாரோ, இல்லையோ! “அந்த அலுமினியக் குவளையிலேயே நமக்கொரு தேநீர் கொடுங்கள்” என்றோம். சற்று நேரம் நம்மையே பார்த்தார். பிறகு அதை எடுத்து, மற்றக் குவளைகள் கிடந்த வாளித் தண்ணீரிலேயே முக்கினார்.