குரலை ஆளும் மூளையும் கணிப்பொறி மாதிரியும்

எழுத்துகளின் பிறப்பைக் கூறப் புகுந்த தொல்காப்பியர், பிறப்பியலின் இறுதியில் தமக்கு ஓர் எல்லை வகுத்துக் கொள்கின்றார். அகத்தே எழுந்து இயங்கும் வளியிசையின் அளவு வேறு நூற்கு உரியது. புறத்தே போந்து இசைக்கும் ஒலியின் அளவே ஈண்டுக் கூறப்பட்டது என்பது அவர் கருத்து. நன்னூலார் உயிரின் முயற்சியையும் எழுத்தின் பிறப்போடு சேர்த்துரைத்தார். எனினும், அம்முயற்சி யாங்ஙனம் நிகழ்கின்றது என்னும் வினா இலக்கண நூலின் எல்லைக்கு அப்பாலதே ஆயிற்று. அவ்வெல்லையின் உட்புறத்தே நிகழ்வதைக் கணிப்பொறியின் துணையால் அறிய முயலும் ஆராய்ச்சி ஒன்று கடந்த முப்பது ஆண்டுகளில் வளர்ந்துள்ளது. அதன் போக்கையும், மொழி ஆய்வார்க்கு அது எழுப்பும் வினாவையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஆளப்படும் பொருள் யாது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். குரல்வளையில் உள்ள நாண்கள் இரண்டும் நெருங்கி நிற்க, நுரையீரலினின்று எழும் வளி அவற்றை அதிர்விக்கின்றது. இவ்வதிர்வு ஆடவர் பேச்சில் நொடிக்கு நூற்றுக்குச் சற்று மேற்பட்ட முறையும், மகளிர் பேச்சில் இருநூறு முறை அளவிலும் நிகழும். நாண்களை இழுத்து நீட்டும் தசை சுருங்கினால் குரல் உயரும். அத்தசைக்குச் செல்லும் நரம்புக் கிளை நேரே செல்கின்றது. குரல்வளையின் ஏனைய தசைகளுக்கு உரிய கிளையோ, இடப்புறத்தில், கழுத்தைக் கடந்து மார்புக்குள் இறங்கிப் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறுகின்றது. இத்துணைச் சுற்றுவழியைக் கொண்ட ஓர் உறுப்பு, பாடகர் விரும்பும் சுருதியில் இமைப்பொழுதில் நிற்பது வியப்பேயாம்.

பேசும் பொறி செய்யும் ஆசை பழமையானது. கெம்பெலன் என்பார் தாம் இயற்றிய பேசும் பொறியைப் பற்றி 1791இல் ஒரு நூலே வெளியிட்டார். 1939இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சியில் 'வோடர்' என்னும் மின்பொறி வினாக்களுக்கு விடையிறுத்தது. ஆனால், அதன் கட்டைகளை அழுத்த நெடுநாட் பயிற்சி பெற்ற மகளிர் அமர்ந்திருந்தனர். பொறி வாயும் மிடறுமாக நின்றது. மூளையாக நின்றவர் அவர்களே. இன்று நாம் கூறப்போகும் மாதிரி, கட்டைகளை அழுத்தும் அக்கையையும் கணிப்பொறிக்குள் அமைக்க முயல்வது. வேற்றுமை இதுவே.

அம்முயற்சிகளுள் பெரிதும் எடுத்தாளப்படுவது, அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிராங்க் குந்தர் 1990களில் அமைத்த 'டிவா' என்னும் மாதிரி. அதில் வாயறையின் வடிவு, மயேடா என்பார் எக்ஸ்ரே படங்களினின்று வடித்த முறையைத் தழுவித் தாடை, நா, இதழ், குரல்வளையின் உயரம் முதலிய சில அளவுகளால் குறிக்கப்படும். இவ்வளவுகளை மாற்றினால் கணிப்பொறி அதற்கேற்ற ஒலியை எழுப்பும். மாதிரி முதலில் குழவியைப் போல் மழலையாடுகின்றது. உறுப்புகளை மனம் போனவாறு அசைத்து, எவ்வசைவுக்கு எவ்வொலி எழுகின்றது என்பதைப் பதிவு செய்கின்றது. பின்னர், கேட்ட ஒலியைப் போல ஒலிக்க முயல்கின்றது. முயலுந்தோறும் நேர்ந்த பிழை அடுத்த முறைக்கு உரிய ஆணையில் திருத்தமாகச் சேர்கின்றது. நாளடைவில் பிழையே நேராதவாறு ஆணை பண்படுகின்றது.

ஆகவே இம்மாதிரியில் மூன்று நெறிகள் உள. கற்றுத் தேர்ந்த ஆணை ஒன்று. செவி கேட்டுத் திருத்துவது ஒன்று. தொண்டையும் வாயும் தம் நிலையை உணர்ந்து திருத்துவது ஒன்று. செவியே போதாதோ என்று வினவலாம். போதாது. செவியில் பிழை பட்டபின் குரல் திருந்துவதற்கு ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கோ, அதனினும் சற்று மிகுதியோ செல்லும். இயல்பான பேச்சில் நொடிக்கு நான்கைந்து அசைகள் ஒலிக்கின்றன. செவியின் தீர்ப்பை எதிர்நோக்கி நின்றால் குற்றெழுத்து முடிந்தபின்னரே தீர்ப்பு வரும். ஆதலின் பேச்சின் பெரும்பகுதி கற்ற ஆணையாலேயே நடைபெறுதல் வேண்டும். செவி ஆசிரியனைப்போல் அருகிருந்து அடுத்த முறைக்குத் திருத்தம் சொல்கின்றது. வளர்ந்தபின் செவித்திறன் இழந்தவர்தம் பேச்சு உடனே சிதையாமல் நெடுங்காலம் தெளிவாக நிற்பதும், குரலின் உயர்வு தாழ்வும் உரப்பும் அவர்பால் முற்படக் கெடுவதும் இதனோடு ஒத்துச் செல்கின்றன.

இக்கருத்தைச் சோதிக்கும் வகை மிக நுண்ணியது. ஒருவர் உயிரெழுத்து ஒன்றை நீட்டி ஒலிக்குங்கால், அவர் குரலையே கருவியால் சற்று உயர்த்தி அவர் செவிக்கு அனுப்புவர். அவர் தம்மையறியாமலே குரலைத் தாழ்த்துவார். ஆனால் முழு அளவும் தாழ்த்துவதில்லை. ஒரு பகுதியே தாழ்த்துவார். ஏன்? செவி 'குரல் உயர்ந்தது' என்கின்றது. தொண்டையோ 'நாண்கள் முன்னிருந்த நிலையிலேயே உள்ளன' என்கின்றது. இரு சான்றுகளும் முரணுதலின் மூளை இடைப்பட்ட வழியை மேற்கொள்கின்றது என்பது மாதிரி தரும் விளக்கம். இவ்விளக்கம் மெய்யாயின், தொண்டையின் சான்றை அகற்றினால் திருத்தம் மிகுதல் வேண்டும். லார்சனும் அவரைச் சார்ந்தோரும் குரல் நாண்களை மரக்கச் செய்து 2008இல் இதனைச் சோதித்தனர். திருத்தம் மிகவே செய்தது. எம் கருத்தில், இத்துறையின் சோதனைகளுள் மிகத் தெளிவானது இதுவே.

கற்றல் நிகழ்வதையும் சோதனை காட்டியது. ஹூடும் ஜோர்டனும் 1998இல், கிசுகிசுத்துப் பேசுவோரின் உயிரொலிகளை மாற்றி அவர் செவிக்கு ஊட்டினர். அவர் சிறிது சிறிதாகத் தம் ஒலிப்பையே மாற்றிக் கொண்டனர். பின்னர் இரைச்சலால் செவியை மறைத்தபோதும் அம்மாற்றம் நீங்கவில்லை. ஆணையே மாறிவிட்டது என்பதற்கு இது சான்று.

மொழியியலார்க்குரிய வினா இங்கே எழுகின்றது. பேசுவோன் நாடும் இலக்கு நாவின் நிலையா, செவியில் படும் ஒலியா? நம் இலக்கணங்கள் இடமும் முயற்சியும் கொண்டே எழுத்தை வகுத்தன. டிவா மாதிரியோ ஒலியையே இலக்காக வைக்கின்றது. அதுவும் ஒரு புள்ளியன்று, ஓரளவு அகன்ற பரப்பு. இதற்கு வலிமை தருவது அமெரிக்க ஆங்கிலத்தின் ரகர ஒலி. அதனை நுனிநா வளைத்து ஒலிப்போரும் உளர்; நாவின் நடுவைத் திரட்டி ஒலிப்போரும் உளர். ஒருவரே சூழலுக்கேற்ப வடிவை மாற்றுவதும் உண்டு. எழுவரிடம் குந்தரும் பிறரும் 1999இல் செய்த அளவையில், நாவின் ஒரு பகுதி மாறுங்கால் மற்றொரு பகுதி ஈடுசெய்து, ஒலியின் வேறுபாட்டைக் குறைப்பது புலனாயிற்று. எனினும், இதுகொண்டு இடவகைப் பாகுபாடு பொய் எனல் பொருந்தாது. தொண்டையின் சான்றும் இலக்கில் பங்கு கொள்வதை மேலே கண்டோம். இதழ் பொருந்த ஒலிக்கும் மகர பகரங்களில் தொடு உணர்வின் பங்கைப் புறக்கணிப்பார் யாவர்?

தொடக்க நிலையில் இம்மாதிரி எழுத்தொலிகளையே பெரிதும் கருதியது; குரல் நாண்களின் இயக்கம் அதன்கண் விரிவாக இல்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தாரும் தென்னமெரிக்க ஆய்வாளரும் கூடி 2022இல் வெளியிட்ட 'லாடிவா' அக்குறையை நிரப்புகின்றது. குரல் நாண்களின் இயற்பியல் இயக்கத்தை அதனுள் இணைத்து, சுருதியையும் உரப்பையும் இலக்காக்கினர். இதனால் வரும் பயன் நோயாளர்க்கு உரியது. பார்க்கின்சன் நோயுற்றோர் குரல் தாழ்ந்து, ஏற்றஇறக்கமின்றி ஒலிக்கும். அவரிடம் உடனடித் திருத்தம் மிகுந்தும், ஆணையை மாற்றிக் கற்கும் திறன் குறைந்தும் இருத்தலைச் சில ஆய்வுகள் காட்டின. கெட்டது செவியா, ஆணையா, தசையா என்று பிரித்தறிதல் மருத்துவர்க்கு எளிதன்று. மாதிரியிலோ ஒரு நெறியை மட்டும் கெடுத்து, எழும் குரலை நோயாளர் குரலோடு ஒப்பிடலாம்.

மாதிரி ஒரு முடிவைத் தந்ததனால் மூளையும் அவ்வாறே இயங்குகின்றது என்று துணிதல் கூடாது. ஒரே முடிவைப் பல அமைப்புகள் தரக்கூடும். ஹூடும் நாகராஜனும் 2011இல் விளக்கிய மற்றொரு கொள்கையின்படி, மூளை தன் உறுப்புகளின் நிலையை ஓயாது முன்கணித்து, செவி தருவதைக் கொண்டு அக்கணிப்பைத் திருத்திக் கொள்கின்றது. ஆணையும் திருத்தமும் அங்கே தனித்தனி நெறிகள் அல்ல. அழுகையும் நகையும் பிறப்பிக்கும் நடுமூளைப் பகுதி இவ்விரண்டிலும் பேரிடம் பெறவில்லை என்பதையும் கூறவேண்டும்.

ஆயினும் டிவாவுக்கு ஒரு சிறப்பு உண்டு. அதன் ஒவ்வோர் உறுப்பும் மூளையின் இன்ன இடத்தில் உள்ளது என்று முன்கூட்டியே குறிக்கப்படுதலின், தவறாயின் தவறு வெளிப்படும். பேசுவோர் உயிரொலியை மாற்றிச் செவிக்கு அனுப்பி, மூளையைப் படமெடுத்த ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. இருபுறச் செவிப்புலப் பகுதிகளும் எதிர்பார்த்தவாறே கிளர்ந்தன. திருத்த ஆணை எழுந்த இடமோ வலப்பக்க நெற்றிமடலை நோக்கிச் சாய்ந்திருந்தது. அதன் பின்னர், செவி கேட்டுத் திருத்தும் நெறிக்கு வலப்பக்கத்தில் தனி இடம் ஒன்று மாதிரியில் சேர்க்கப்பட்டது.