இயந்திரம் எவருடையதாயினும் இல்லம் நம்முடையதே

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் இரயில் ஆரம்பாக்கத்தைக் கடந்ததும் தடா நிலையத்தை அடைகின்றது. தமிழகத்தின் எல்லையை அடுத்துள்ள இவ்வூர் 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்தது. அருகே 2008-இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீசிட்டித் தொழில் நகரமும், அதை அண்டி வாழ்வோரும் பலர். பிழைப்பை நாடி இத்தகைய ஊர்களில் குடியேறும் நம்மவர் இல்லங்களில் ஆளுக்கொரு கணிப்பொறி ஏது? உறவினரிடம் இரவல் வாங்கியதும், பலர் கைபட்ட பழையதுமே பெரும்பாலும் துணை. அதில் நம் பிள்ளைகள் எழுதும் பாடமும் நாம் காக்கும் கடிதமும் யார் பொறுப்பில் உள்ளன?

இக்குறைக்கு எளிய வழியொன்று உண்டு. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸை, வன்தட்டில் பதியாமலே பென் டிரைவிலிருந்து இயக்கலாம். இதனை ‘லைவ்’ முறை என்பர். ஜெர்மனியில் கிளவுஸ் நாப்பர் 2000-இல் வெளியிட்ட நாப்பிக்ஸ் இம்முறையைப் பரப்பியது. கட்டணமின்றிக் கிடைக்கும் டெபியனிலும் இவ்வசதி உண்டு. நம் நாட்டில் சீ-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

ஆயினும் ஓர் இடர் உண்டு. லைவ் முறையில் பென் டிரைவிலுள்ள லினக்ஸ் மாறாமல் அப்படியே இருக்கும். நாம் எழுதுவன யாவும் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்கும். கணிப்பொறியை அணைத்தால் அவையனைத்தும் நீர்மேல் எழுத்தாய் மறையும். ஆதலால் நிலைத்த இல்லம் ஒன்றை நாமே அமைத்தல் வேண்டும். லினக்ஸில் பயனரின் கோப்புக்கள் வாழும் இடத்திற்கு ‘ஹோம்’, அதாவது இல்லம், என்பதே பெயர்.

டெபியனுக்கு இரண்டு பென் டிரைவ்கள் போதும். முதலாவதில் டெபியன் லைவ் பதிப்பை எழுதி, அதிலிருந்து கணிப்பொறியைத் துவக்குக. இரண்டாவதை ‘டிஸ்க்ஸ்’ என்னும் கருவியால் எக்ஸ்ட்4 வடிவில் அமைத்து, ‘பெர்சிஸ்டன்ஸ்’ என ஆங்கிலச் சிற்றெழுத்தில் பெயரிடுக. அதனுள் அதே பெயரில் ஒரு கோப்பு உருவாக்கி, பெயரின் இறுதியில் ஒரு புள்ளியும் ‘கான்ஃப்’ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் சேர்க்கவும். கோப்பினுள் ஒரே வரி: சாய்கோடு, அதனையடுத்து இடைவெளியின்றி ‘ஹோம்’.

பின்னர் இரண்டையும் செருகி மீண்டும் துவக்குக. தொடக்கப் பட்டியல் தோன்றுகையில் ‘ஈ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ எனத் தொடங்கும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளிவிட்டு ‘பெர்சிஸ்டன்ஸ்’ எனத் தட்டச்சிட்டு, எஃப்10-ஐ அழுத்தவும். பழைய கணிப்பொறிகளில் ‘ஈ’க்குப் பதில் டேப் விசையும், எஃப்10-க்குப் பதில் என்டர் விசையும் பயன்படும். ஒவ்வொரு முறையும் இச்சொல்லைச் சேர்த்தல் வேண்டும். சிறு கோப்பொன்றை எழுதி, அணைத்து, மறுபடி துவக்கிச் சோதித்த பின்னரே இம்முறையை நம்பலாம்.

முழு அமைப்பையும் நிலைப்படுத்தாமல் இல்லத்தை மட்டும் காப்பது ஏன்? புதிதாய் நிறுவிய நிரல்கள் இதில் தங்கா. ஆயினும் கடிதங்களும் படங்களும் அமைப்புத் தேர்வுகளும் தங்கும். ஒவ்வொரு முறையும் டெபியன் தூயதாய்த் தொடங்கும்; அதன் புதிய பதிப்பு வந்தால் முதல் பென் டிரைவை மட்டும் மாற்றலாம்.

எச்சரிக்கைகள் சில. எக்ஸ்ட்4 வடிவில் அமைப்பது பழைய தரவை அழித்துவிடும். தவறிக் கணிப்பொறியின் வன்தட்டைத் தேர்ந்தால் உடையவரின் உழைப்பே பாழாகும். ஆகவே அளவையும் பெயரையும் இருமுறை ஒப்பிட்டுப் பார்த்தே தொடர்க. பிறர் கணிப்பொறியை அவர் இசைவின்றித் தொடுதல் கூடாது. அலுவலகக் கணிப்பொறி எனில் கட்டாயம் அனுமதி பெறுக. பணி முடிந்ததும் முறையாக அணைத்த பின்னரே பென் டிரைவைப் பிடுங்குக. தொலைந்தால் கண்டெடுத்தோர் அனைத்தையும் படிக்கலாம். ஆதலின் வங்கி விவரம், கடவுச்சொல் முதலியன அதில் வேண்டா. பென் டிரைவும் ஒருநாள் பழுதாகும். வாரந்தோறும் முக்கியக் கோப்புக்களை வேறோரிடத்தில் நகலெடுத்து வைத்தல் நன்று.

ஊர்கள் மாறலாம், வாடகை வீடுகளும் மாறலாம். நம் மக்களின் கல்வியும் நம் நினைவுகளும் அவற்றோடு சிதறிப் போதல் தகாது. இவ்வார விடுமுறையிலேயே இருபாலரும் பிள்ளைகளும் கூடியமர்ந்து இதனைச் செய்து பார்ப்போமாக!