துப்பாக்கி யார் கையில்?

தோழர்கள் சிலர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஊர் வேறு, கையெழுத்து வேறு. கேள்வி மட்டும் ஒன்றே. "அடிக்க வருகிறவன் வீட்டிலே துப்பாக்கி இருக்கிறது. நம் வீட்டிலே அரிவாள்மணைதான் இருக்கிறது. நாமும் முறைப்படி லைசென்சு வாங்கி, சுடப் பழகி, தற்காப்புக்குத் தயாராக இருந்தால் என்ன தவறு?" என்பதே அந்தக் கேள்வி.

கேட்டவர்கள் வம்புக்காரர்கள் அல்லர். பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவிலே பிள்ளைகுட்டிகளோடு ஓலைக் கூரையின் கீழ் படுக்கிறவர்கள். ஊரில் ஒரு தகராறு என்றால் முதலில் தீப்பிடிப்பது தங்கள் கூரைதான் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள். ஆகவே, "இது பலாத்காரப் பேச்சு" என்று ஒரே வார்த்தையில் இதைத் தள்ளிவிட நாம் தயாராயில்லை. "ஆம், வாங்குங்கள்" என்று கைதட்டி உசுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் தயாராயில்லை. நிதானமாக யோசிப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை எவரும் நமக்கு இட்ட பிச்சை அல்ல. சட்டமே ஒப்புக்கொண்டுள்ள உரிமை அது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் அதைச் சொல்லின. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதையே சொல்கின்றன. தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலையும் காக்கலாம். உடைமையையும் காக்கலாம். உயிருக்கே உலை வைக்கும் தாக்குதல் என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தால், தாக்குகிறவன் உயிர் போகும் அளவுக்குக்கூட எதிர்த்து நிற்கலாம். ஆனால் வரம்பும் உண்டு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. அதிகாரிகளிடம் ஓடிப் பாதுகாப்புப் பெற அவகாசம் இருந்திருந்தால் இந்த உரிமை பேசாது. புறமுதுகிட்டு ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்து அடித்தால், அதற்குப் பெயர் தற்காப்பு அல்ல, பழிவாங்கல்.

இந்த உரிமைக்கு லைசென்சு வேண்டியதில்லை. கையில் இருப்பது கழியானாலும் உலக்கையானாலும் உரிமை ஒன்றுதான். லைசென்சு வேண்டியது துப்பாக்கிக்கு. அந்த லைசென்சின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால்தான் தோழர்களின் கேள்விக்கு விடை கிடைக்கும்.

1857-ல் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்ததை வெள்ளையன் மறக்கவில்லை. 1878-ல் லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டம். மற்றொன்று, இந்தியன் கையைக் கட்டிய ஆயுதச் சட்டம். லைசென்சு இல்லாமல் இந்தியன் ஆயுதம் ஏந்திச் செல்லக் கூடாது. வெள்ளையனுக்கும் ஆங்கிலோ-இந்தியனுக்கும் அந்தத் தடை இல்லை! பின்னால் வந்த ரிப்பன் பிரபு பத்திரிகைச் சட்டத்தை எடுத்தார். ஆயுதச் சட்டத்தில் கை வைக்கவில்லை. பேசுகிற இந்தியனைப் பொறுத்துக்கொண்ட ஏகாதிபத்தியம், ஆயுதம் வைத்திருக்கும் இந்தியனைப் பொறுக்கத் தயாராயில்லை. 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரசு மகாசபை இந்தச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது. ஆனாலும் முதல் உலகப் போர் முடிந்த பிறகுதான் இனப் பாகுபாடு விதிகளிலிருந்து நீங்கியது.

ஆகவே, யார் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்ற கேள்விக்கு இந்த நாட்டில் முதலில் கிடைத்த பதில், "எங்களுக்கு வேண்டியவன்" என்பதுதான்.

நாடு விடுதலை பெற்றது. 1931-ல் கராச்சி காங்கிரசு நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்றாக இருந்தது. 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அதை அரசியல் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். சபை ஏற்கவில்லை. அதற்கு மாறாக 19-ஆவது பிரிவு நமக்கு என்ன கொடுத்தது? ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் கொடுத்தது. சங்கம் அமைக்கும் உரிமையைக் கொடுத்தது. அமெரிக்கச் சட்டம் குடிமகன் கையிலே துப்பாக்கியைக் கொடுத்தது. நம் சட்டம் சங்கத்தைக் கொடுத்தது. இதை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. 1962-ல் நடப்புக்கு வந்தது. அதில் உழைப்பாளிகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரி இருக்கிறது. 14-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. போதுமான சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி எவருக்கும் லைசென்சை மறுக்கக் கூடாது என்கிறது அது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்யவேண்டும். மறுப்பின் மேல் அப்பீல் செய்யலாம். ஏட்டிலே ஏழையும் பண்ணையாரும் சமம்!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? கலெக்டர் ஆபீசுக்கு எத்தனை நாள் நடப்பது? போலீஸ் ரிப்போர்ட்டுக்கு யார் காலைப் பிடிப்பது? நடக்கிற நாளுக்குக் கூலி உண்டா? எல்லாம் முடிந்தாலும் துப்பாக்கி வாங்கப் பல மாதக் கூலி வேண்டாமா? சொத்து இல்லை என்று சட்டம் மறுக்காது, சந்தை மறுத்துவிடும். தோப்பும் துரவும் உள்ளவன் காட்டுப் பன்றியைக் காரணம் காட்டி வாங்குகிறான். அந்தத் தோப்பில் வேலை செய்கிறவன் எதைக் காட்டி வாங்குவான்?

இதோ, கீழ்வெண்மணியைப் பாருங்கள். 1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சை ஜில்லா. கூலி உயர்வு கேட்டார்கள்; செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்தார்கள். இதுதான் பண்ணையாட்கள் செய்த குற்றம். இரவிலே கும்பல் வந்தது. அதன் கையிலே துப்பாக்கி இருந்தது. எதிர்த்து நின்றவர்கள் கையிலே கல்லும் கழியும் இருந்தன. குண்டுக்குப் பயந்து ஒரு சிறு குடிசைக்குள் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும் ஒண்டினார்கள். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் வெந்து மாண்டார்கள். உயிரைக் குடித்தது தீ. அந்தத் தீக்குள் அவர்களை விரட்டியது துப்பாக்கி.

"அன்று நம்மிடமும் நான்கு துப்பாக்கி இருந்திருந்தால்?" என்று தோழர் கேட்பார். கேட்கத்தான் செய்வார். நாமும் பலமுறை கேட்டுக்கொண்ட கேள்விதான் அது. நான்கு துப்பாக்கி இருந்திருந்தால் கும்பல் தயங்கியிருக்கலாம். இல்லை என்று சாதிக்க மாட்டோம். ஆனால் மறுநாள் காலையையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா? நிலச்சுவான்தார்களை 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அதே இரவில் எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் இறந்ததற்காகத் தொழிலாளர்கள் தண்டனை அடைந்தார்கள். கல்லும் கழியும் ஏந்தியவனுக்கே இந்தக் கதி. துப்பாக்கி ஏந்தியிருந்தால்? சுட்டுக் கொல்ல அதுவே சாக்காகியிருக்காதா? "ஆயுதக் கும்பலை அடக்கினோம்" என்று 44 பேரின் சாவுக்கே நியாயம் பேசியிருக்க மாட்டார்களா? பலமுள்ளவன் கையிலே துப்பாக்கி இருந்தால் அது அந்தஸ்து. பலமற்றவன் கையிலே இருந்தால் அது வழக்கு. இந்த வித்தியாசத்தை ஒழிக்காமல் துப்பாக்கியை மட்டும் வாங்கிப் பயனில்லை.

அடுத்து, வீட்டுக்குள் வரும் ஆபத்து. மக்கள் தொகையை விடத் துப்பாக்கிகளின் தொகை அதிகம் என்று மதிப்பிடப்படும் நாடு அமெரிக்கா. தற்காப்புக்கு என்று சொல்லித்தான் அங்கே பெரும்பாலோர் வாங்குகிறார்கள். 2021-ல் அங்கே துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கு மேல்! திருடனுக்கென்று வாங்கிய குண்டு, கடன்பட்டுக் கலங்கிய மனிதன் நெஞ்சிலே பாய்ந்தது. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் நம் வீடுகளில், குழந்தை கைக்கு எட்டாத இடம் எங்கே இருக்கிறது? குடித்துவிட்டு வரும் ஆத்திரக்காரன் கைக்கு எட்டாத இடம் எங்கே இருக்கிறது?

"பழகிக்கொள்கிறோம்" என்கிறார்கள் இளைஞர்கள். பழக்கம் வேண்டும்தான். பழகாதவன் கைத் துப்பாக்கி எதிரியை விட அவனுக்கே எமன். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சான்றிதழ் கேட்கின்றன. 21 வயது நிரம்பாதவனுக்குச் சொந்தத் துப்பாக்கி கிடையாது. எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது என்றே கருதிக் கையாள வேண்டும். குழல் எவர் பக்கமும் திரும்பக் கூடாது. சுடும் நேரம் வரும் வரை விசையில் விரல் போகக் கூடாது. துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில். லைசென்சு பெற்ற தோழர் எவரேனும் இருந்தால், இவற்றை வேதவாக்காகக் கொள்ளட்டும். கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தை நோக்கிச் சுட்டுப் பெருமை காட்டினால், பிறர் உயிருக்கு ஆபத்தான அந்தக் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019-ல் வந்த திருத்தம் சொல்கிறது. நாட்டுத் துப்பாக்கி, கள்ளத் துப்பாக்கி என்ற பேச்சே நம் தோழர்களிடம் கூடாது. அது ஒருவனைச் சிறைக்கு அனுப்பும். சங்கத்தையே சந்திக்கு இழுக்கும்.

"அப்படியானால் சும்மா கிடந்து சாகச் சொல்கிறீர்களா?" என்று கேட்கலாம். இல்லை, தோழர்களே! இங்கேதான் பலரும் படிக்காத ஒரு விதியைக் காட்ட விரும்புகிறோம்.

தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. அதன் விதிகள் 1995-ல் வந்தன. மூன்றாவது விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக் கூடும் என்று அஞ்சத்தக்க பகுதிகளை மாநில சர்க்கார் கண்டறிய வேண்டும். அவசியம் என்றால் அப்பகுதியில், அவ்விரு பிரிவினர் அல்லாதவர்களுடைய ஆயுத லைசென்சுகளை ரத்து செய்து, ஆயுதங்களைச் சர்க்கார் ஆயுதக் கிடங்கில் சேர்க்க வேண்டும். உறவினர், வேலைக்காரர், குடும்ப நண்பர் பேரில் உள்ள லைசென்சுகளும் இதில் அடங்கும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். உயிரையும் உடைமையையும் காக்க அவசியமானால், தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும் லைசென்சு வழங்க வேண்டும். இத்தனையும் அதே விதியில் இருக்கின்றன!

வரிசையைக் கவனியுங்கள். முதலில் மிரட்டுகிறவன் துப்பாக்கியை வாங்கி உள்ளே வை. அதற்குப் பிறகே மிரட்டப்படுகிறவனுக்கு லைசென்சு. இது சரியான வரிசை என்பதே நமது கருத்து. ஒரு ஊரில் பத்துத் துப்பாக்கி இருப்பதற்குப் பதில் இருபது துப்பாக்கி ஆகிவிட்டால் ஊர் பாதுகாப்பாகிவிடாது. தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் ஆவான்; அவ்வளவுதான். அந்தப் பத்தும் கிடங்குக்குப் போனால்தான் கூலிக்காரன் நிம்மதியாகத் தூங்குவான். முடியாத காரியமா இது? ஒவ்வொரு தேர்தலின் போதும் லைசென்சுக்காரர்களிடமிருந்து துப்பாக்கிகளைச் சர்க்கார் வாங்கி வைக்கவில்லையா? ஓட்டுப் பெட்டிக்கு உள்ள மரியாதை உழைப்பவன் உயிருக்கு இல்லையா?

விதி தானாக நடக்குமா? நடக்காது. கேட்டால்தான் நடக்கும். ஒருவன் கேட்டால் கோப்பு அசையாது. சங்கம் கேட்டால் அசையும். அரசியல் சட்டம் நமக்குத் துப்பாக்கியைக் கொடுக்காமல் சங்கத்தைக் கொடுத்தது என்று மேலே சொன்னோமே, அந்தச் சங்கத்துக்கு இதுதான் வேலை.

ஒவ்வொரு கிளையும் செய்ய வேண்டியவை சில. தங்கள் வட்டத்தில் எத்தனை ஆயுத லைசென்சுகள் நடப்பில் உள்ளன என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். ஊரில் முறுகல் தோன்றிய அன்றே, தீ விழும் வரை காத்திராமல், கலெக்டருக்கும் ஜில்லா போலீஸ் சூப்பரின்டெண்டெண்டுக்கும் மூன்றாவது விதியின் பேரைச் சொல்லி மனுக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் கூடவேண்டிய ஜில்லா விழிப்புக் கண்காணிப்புக் குழு கூடுகிறதா என்று விசாரியுங்கள். கூடவில்லையென்றால் ஏன் என்று மேடையில் கேளுங்கள். உயிருக்கு மெய்யாகவே ஆபத்துள்ள தோழர் லைசென்சு கேட்டால், அவரைத் தனியே அலையவிடாமல் கிளையே உடன் செல்லட்டும். இரவுக் காவலை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். நாற்பது வீட்டுக்காரர்கள் விழித்திருக்கும் தெருவுக்குள் நுழைய எந்தக் கும்பலும் இரண்டு முறை யோசிக்கும்.

கடிதம் எழுதிய தோழர்களுக்கு நமது பதில் இதுவே. தற்காப்புக்குத் தயாராக இருங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் "என் கையில் துப்பாக்கி எங்கே?" என்று தொடங்காதீர்கள். "அவன் கையில் துப்பாக்கி ஏன்?" என்று தொடங்குங்கள். முதல் கேள்வியைத் தனி மனிதன் கேட்கிறான். அதற்கு விலை உண்டு, பணக்காரன் எப்போதும் அதிக விலை கொடுப்பான். இரண்டாவது கேள்வியைச் சங்கம் கேட்கிறது. கீழ்வெண்மணியிலே மாண்ட 44 பேரும் சங்கத்தை விட மறுத்துத்தான் மாண்டார்கள். அவர்கள் விட மறுத்ததை நாம் விடலாமா?