பெயரைச் சொல்லி அழைத்தார்கள், அவர் எழவில்லை

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு மௌனம் என்றாலே பயம். ஒலிபரப்பில் ஐந்து விநாடி சத்தம் இல்லாமல் போனால் போதும், கட்டுப்பாட்டு அறையில் எல்லார் முகமும் மாறிவிடும். அதனால்தானோ என்னவோ, ஓர் அரசியல்வாதியின் மௌனம் பல நாளாக என் மனத்தை விட்டுப் போகவில்லை. பேச்சாலேயே உயர்ந்த அவர், பேச வேண்டிய ஒரு நாளில் பதில் சொல்லாமல் இருந்தார்.

அவர் பெயரை நீங்கள் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். 1969-இல் நிலவில் இறங்கிய விண்வெளி வீரர்கள் பூமியோடு பேசும்போது 'ஹூஸ்டன்' என்று அழைத்தார்களே, அது அவருடைய பெயர்தான். விண்வெளிக் கட்டுப்பாட்டு மையம் இருந்த டெக்சஸ் நகரத்துக்கு சாம் ஹூஸ்டனின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

1793-இல் வர்ஜீனியாவில் பிறந்தார். தந்தை இறந்தபின் குடும்பம் டென்னஸிக்குக் குடிபெயர்ந்தது. கடை வேலை பிடிக்காமல், பதினாறு வயதில் வீட்டை விட்டு ஓடி, செரோக்கி பழங்குடியினரோடு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். அவர்கள் மொழியைக் கற்றார். தலைவர் ஊலூட்டேகா அவரைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார்.

பிறகு போர், சட்டப் படிப்பு, நாடாளுமன்றம் என்று வேகமாக ஏறிய அவர், 1827-இல் டென்னஸி ஆளுநரானார். 1829 ஜனவரியில் திருமணம். மூன்று மாதம்கூட ஆகாத நிலையில் மனைவி எலைசா பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ஹூஸ்டன் பதவியைத் துறந்தார். என்ன நடந்தது என்று இருவருமே கடைசிவரை வெளியே சொல்லவில்லை. அவர் மீண்டும் செரோக்கி மக்களிடம் போய், குடியில் மூழ்கினார். அத்தோடு அவர் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. 1832 கடைசியில், அப்போது மெக்சிகோவின் பகுதியாக இருந்த டெக்சஸுக்குள் நுழைந்தார். 1836 மார்ச் 2-இல், அவருடைய 43-ஆவது பிறந்தநாளன்று, டெக்சஸ் சுதந்திரம் அறிவித்தது. ஏப்ரல் 21-இல் சான் ஹசின்டோவில் அவர் தலைமையிலான படை, சுமார் 18 நிமிடங்களில் மெக்சிகோ படையை முறியடித்தது. மறுநாள் பிடிபட்ட மெக்சிகோ அதிபர் சாண்டா அன்னாவைத் தூக்கிலிட வேண்டும் என்று வீரர்கள் கொதித்தார்கள். கணுக்காலில் குண்டு பாய்ந்திருந்த ஹூஸ்டன் அதற்குச் சம்மதிக்கவில்லை.

டெக்சஸ் குடியரசுக்கு இருமுறை அதிபர். 1845-இல் டெக்சஸ் அமெரிக்காவோடு இணைந்ததும், பதின்மூன்று ஆண்டுகள் செனட்டர். இரண்டு மாநிலங்களில் மக்களால் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெருமையும் அவருக்கு உண்டு.

ஆனால் வாசகர்களே, இவரை அப்பழுக்கற்ற நாயகனாக நான் உங்கள் முன் நிறுத்தப்போவதில்லை. ஹூஸ்டன் கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தவர். டெக்சஸில் வாழ்ந்த செரோக்கி மக்களுக்கு நிலம் தருவதாக 1836-இல் ஒப்பந்தம் செய்தார். டெக்சஸ் செனட் அதை ஏற்க மறுத்தது. அவருக்குப் பின் வந்த அதிபர் லாமார், 1839-இல் அம்மக்களைப் படை வைத்து விரட்டினார்.

இத்தனைக்கும் நடுவே ஒரு விஷயத்தில் மட்டும் ஹூஸ்டன் வளையவில்லை: நாடு உடையக்கூடாது. புதிய மேற்குப் பகுதிகளுக்கு அடிமைமுறை பரவ வழிவிட்ட 1854-ஆம் ஆண்டின் கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டத்தைத் தென் மாநில செனட்டராக இருந்துகொண்டே எதிர்த்து வாக்களித்தார். சொந்த ஊரில் துரோகி என்றார்கள். சட்டமன்றம் அவரை மீண்டும் செனட்டுக்கு அனுப்பவில்லை. 1857-இல் ஆளுநர் தேர்தலில் தோற்றவர், 1859-இல் அதே போட்டியாளரை வென்று திரும்பினார்.

1861 பிப்ரவரியில், அமெரிக்காவை விட்டுப் பிரிய டெக்சஸ் மக்கள் பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். மார்ச் 16-இல் அதிகாரிகள் எல்லாரும் பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்புக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும். ஆஸ்டின் நகரில், கூடியிருந்த சபையில் ஆளுநர் பெயர் அழைக்கப்பட்டது. மீண்டும் அழைத்தார்கள். அவர் வரவில்லை. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கத்தியால் ஒரு மரத்துண்டைச் சீவியபடி உட்கார்ந்திருந்தாராம். பதவி காலி என்று அறிவித்து, துணை ஆளுநரை அமர்த்தினார்கள்.

பதவியைக் காப்பாற்ற மத்திய அரசின் படையை அனுப்புவதாக அதிபர் லிங்கன் சொன்னபோதும் அவர் வேண்டாம் என்றார். தம் நாற்காலிக்காக டெக்சஸ் மண்ணில் இரத்தம் சிந்த அவர் விரும்பவில்லை. பிறகு வந்த போரில் அவருடைய மூத்த மகனே தென் மாநிலப் படையில் சேர்ந்து, ஷைலோ போர்க்களத்தில் காயமடைந்து சிறைப்பட்டான். மகன் உயிரோடு வீடு திரும்பினான். போர் முடியும் முன்பே, 1863 ஜூலை 26-இல், ஹன்ட்ஸ்வில் நகரில் ஹூஸ்டன் காலமானார்.

அடிமைகளின் விடுதலைக்காக அவர் அந்த நாற்காலியை இழக்கவில்லை. நாட்டின் ஒற்றுமைக்காக இழந்தார். இந்த வேறுபாட்டை நாம் மறக்கக்கூடாது. ஆனாலும், கூட்டம் முழுவதும் ஒரு பக்கம் ஓடும்போது, தனக்கு ஓட்டுப் போட்ட மக்களையே பகைத்துக்கொண்டு ஒரு முதியவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்காக எந்தச் சொல்லையும் சொல்லத் தயாராக இருப்பவர்களை நாம் நிறையவே பார்த்திருக்கிறோம். ஒரு சொல்லைச் சொல்ல மறுத்து நாற்காலியை விட்டவர்கள், எந்த நாட்டிலும் சிலரே.